போனில் அறுபது புத்தகம், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 21. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு. தினமும் செங்கோட்டைப் பாசஞ்சரில் வந்து போகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறார். பி.எஸ்சி.யில் கல்லூரியிலேயே முதல் மார்க்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பயிலரங்கில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் இவரை எழுப்பி, யூனிஃபார்ம் கன்டினியூட்டி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். எப்சிலான், டெல்டாவோடு வரி பிசகாமல் சொல்லிவிட்டார். கூடவே, இரு முனைகளையும் உள்ளடக்கிய இடைவெளியில் ஒரு சார்பு கன்டினியுவஸாக இருந்தால் யூனிஃபார்ம்லி கன்டினியுவஸாகவும் இருக்கும் என்ற தேற்றத்தையும் ஒப்பித்திருக்கிறார். "சரி, கன்டினியுவஸாக இருந்தும் யூனிஃபார்ம்லி கன்டினியுவஸாக இல்லாத ஒரு சார்பு சொல்லும்மா" என்றாராம் அவர். வாயைத் திறக்க முடியவில்லை. "அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை மேடம்" என்று எழுதுகிறார்.

அன்றிலிருந்து புத்தகம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். டெலிகிராம் குழுக்களில் இறக்கிய அறுபது பி.டி.எஃப். போனில் இருக்கிறது. என்.பி.டி.இ.எல். என்ற இணைய வகுப்பில் பாடங்கள் மூன்று தொடங்கி, எதுவும் நான்காவது வாரத்தைத் தாண்டவில்லை. இப்போது ஒரு கோச்சிங் நிலையம், உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வுக்கு 55,000 ரூபாய் கேட்கிறது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம், சீனியர் அக்கா ஒருவர் மூலமாக ஒரு பிஎச்.டி. கைடு சொல்லி அனுப்பியிருக்கிறார்: "முடித்ததும் என்னிடம் வா, லேபிளிங்கில் (வரைபடப் புள்ளிகளுக்கு எண் கொடுக்கும் கணிதப் பிரிவு) டாபிக் தருகிறேன், மூன்று வருடத்தில் முடித்துவிடலாம், பேப்பர் போட மட்டும் கொஞ்சம் செலவாகும்." இதற்கு நடுவில் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு. கோச்சிங் சேரலாமா, எந்தப் புத்தகம் படிக்க வேண்டும், தமிழ் வழியில் படித்த நான் ஆராய்ச்சிக்கு லாயக்குதானா, 25 வயதுக்குள் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்காவிட்டால் கதவு மூடிவிடுமா என்பவை கேள்விகள்.

மகளே, கடிதம் முழுக்க "எனக்கு வசதி இல்லை, மெட்டீரியல் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கூடவே போனில் இருப்பதன் பட்டியலையும் தந்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் 34 வருடம் கணிதம் நடத்திய எனக்கே பொறாமையாக இருக்கிறது. நான் எம்.எஸ்சி. படித்தபோது கல்லூரி நூலகத்தில் ஹெர்ஸ்டைன் எழுதிய அல்ஜீப்ரா புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, அதுவும் பூட்டிய பீரோவில். கையெழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாடம் முழுவதையும் நகல் எடுக்க நேரம் போதாது என்பதால் பயிற்சிக் கணக்குகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். விடுதி அறையில் உட்கார்ந்தால் தேற்றமும் கிடையாது, நிரூபணமும் கிடையாது, கணக்குகள் மட்டும்தான். ஒரு கணக்கைப் போட நான்கு நாள் ஆகும். போடும்போதே அந்தப் பாடத்தில் இருந்திருக்க வேண்டிய தேற்றம் தானாகக் கைக்கு வரும். கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பீரோவின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது அறுபத்தோராவது புத்தகம் இல்லை என்பது அந்த நோட்டினால்தான் எனக்குத் தெரியும்.

பூட்டும் சாவியும்

அந்தப் பேராசிரியரின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தமிழ் வழிப் பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

"ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது." "எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற ஒரே சாவி இருக்கிறது." இரண்டும் வேறு வேறு என்பதை உங்கள் ஆச்சியும் சொல்லிவிடுவார். எப்சிலான் என்பது விடையில் நாம் பொறுத்துக்கொள்ளும் விலகல், டெல்டா என்பது உள்ளே போடும் எண்ணில் அனுமதிக்கும் விலகல். எப்சிலானை முதலில் ஒரு மதிப்பில் நிறுத்திக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூட்டு, டெல்டாதான் சாவி. புள்ளிக்குப் புள்ளி தனித்தனி டெல்டா கிடைத்தால் கன்டினியூட்டி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதுமென்றால் யூனிஃபார்ம் கன்டினியூட்டி. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டு வாக்கியத்தின் வேறுபாடு புரிகிறவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராதது ஆறு மாதப் பிரச்சினை. புரியாதவருக்கு எந்த மொழியும் உதவாது.

இப்போது எண்களை எடுங்கள். ஓர் எண்ணை வர்க்கப்படுத்துகிற சார்பு. எப்சிலான் 2 என்று வைத்துக்கொள்வோம். 100, 100.01 இரண்டுக்கும் இடைவெளி 0.01. வர்க்கங்கள் 10,000, 10,002.0001, இடைவெளி 2-ஐத் தாண்டிவிட்டது. சரி, இன்னும் நெருக்குவோம். 1000, 1000.001. இடைவெளி ஆயிரத்தில் ஒன்று. வர்க்கங்கள் 10,00,000, 10,00,002.000001. மறுபடியும் 2-க்கு மேல். எவ்வளவு சின்ன டெல்டாவைக் கொண்டுவந்தாலும், எண்கோட்டில் இன்னும் தள்ளிப் போய் அதைத் தோற்கடித்துவிடலாம். ஆக, எல்லாப் பூட்டுக்குமான சாவி இல்லை. நீங்கள் ஒப்பித்த தேற்றம் ஏன் இரு முனையுள்ள இடைவெளியைக் கேட்கிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது: தள்ளிப் போக இடம் இருக்கக் கூடாது.

இதற்கு எந்த பி.டி.எஃப்.பும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பேனாதான். நீங்கள் அன்றைக்குத் தோற்றது அறிவில் இல்லை. வரையறையைப் படித்த அன்றே "இதற்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது" என்று இரண்டு உதாரணம் தேடும் பழக்கம் உங்களுக்கு யாரும் சொல்லித் தராததுதான் குறை. புத்தகத்தில் உள்ள நிரூபணங்களை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கும் முறையை நாங்கள்தான் பழக்கினோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

எதைப் படிப்பது

ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம். மற்றதை எல்லாம் அழிக்க வேண்டாம், ஒரு ஃபோல்டரில் போட்டுக் கண்ணில் படாமல் வையுங்கள்.

ரியல் அனாலிசிஸில் ரூடின்தான் படிக்க வேண்டும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அருமையான புத்தகம்தான், ஆனால் சொல்லாமல் விடுவது அதிகம். பழகாத கைக்கு ஒரு பக்கம் ஒரு வாரம் இழுக்கும். பார்ட்டில்–ஷெர்பர்ட்டில் தொடங்கி, பயிற்சிகளைப் பாதியாவது போட்டுவிட்டு அங்கே போங்கள். பி.எஸ்சி. புத்தகத்துக்குத் திரும்புவதில் வெட்கம் எதற்கு? அல்ஜீப்ராவுக்கு ஹெர்ஸ்டைன், அல்லது அது மிரட்டினால் காலியன். டோபாலஜிக்கு மன்க்ரஸ். இவற்றுக்கு இந்தியப் பதிப்புகள் உண்டு. பழைய பிரதியாகவாவது ஒன்றைக் கையில் வாங்குங்கள், போன் திரையில் நிரூபணம் படிப்பது கண்ணுக்கும் கேடு, கவனத்துக்கும் கேடு. லீனியர் அல்ஜீப்ராவுக்கு ஆக்ஸ்லரின் "லீனியர் அல்ஜீப்ரா டன் ரைட்" நான்காம் பதிப்பை அவரே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறார், முறைப்படி இறக்கலாம். ஒரு எச்சரிக்கை: அவர் டிடர்மினன்ட்டைக் கடைசி வரை தள்ளிப்போடுவார். நெட் தேர்வோ மேட்ரிக்ஸ் கணக்கில் கை வேகம் கேட்கும். அதனால் கூடவே பழைய வினாத்தாள்களைப் போட்டுக்கொண்டு வாருங்கள். காம்ப்ளக்ஸ் அனாலிசிஸுக்கு உங்கள் பாடப் புத்தகமே போதும்.

என்.பி.டி.இ.எல். நல்ல சொத்து. ஐ.ஐ.டி. வகுப்பை ஊரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்பது சின்ன விஷயமா? ஆனால் சீரியல் பார்ப்பது மாதிரி பார்த்தால் பயனில்லை. ஆசிரியர் தேற்றத்தை எழுதியதும் நிறுத்துங்கள். இருபது நிமிடம் நீங்களே முயன்று பாருங்கள். அப்புறம் ஓடவிடுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும்.

சந்தேகம் கேட்க மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளம் இருக்கிறது. கேள்வியை மட்டும் போட்டால் மூடிவிடுவார்கள். நீங்கள் எதுவரை முயன்றீர்கள், எங்கே நின்றது என்று எழுத வேண்டும். அப்படி எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், நிறையப் பேருக்கு நடக்கிறது. மேத் ஓவர்ஃப்ளோ ஆராய்ச்சியாளர்களுக்கானது, இப்போதைக்கு அங்கே வேண்டாம். சாட்ஜிபிடியிடம் நிரூபணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பான நிரூபணத்தையும் அதே தெம்போடு சொல்லும். நீங்கள் எழுதி முடித்த பிறகு கேளுங்கள், கேட்டு அது எங்கே சறுக்குகிறது என்று தேடுங்கள். அது நல்ல பயிற்சி.

இதையெல்லாம் விட முக்கியமானது, உங்கள் வகுப்பில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வது. சனிக்கிழமை மத்தியானம் காலி வகுப்பறை கேளுங்கள். ஒருவர் நோட்டு இல்லாமல் போர்டில் ஒரு தேற்றத்தை எழுத வேண்டும். மற்ற இருவருக்கும் ஒரே வேலை: ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பது. முதல் வாரம் சண்டை வரும், இரண்டாம் வாரம் ஒருவர் வரமாட்டார். விடாதீர்கள்.

அப்புறம், எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள். பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது. நாலு வார வகுப்பு. ஆசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், நோட்ஸ் கொடுக்க மாட்டார். எம்.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு நிலை உண்டு, அதனால் இந்த வருடத்தை விட்டால் போயிற்று. உங்களை மடக்கிய கேள்வி போல ஒரு நாளைக்கு நாற்பது வரும். முதல் நாள் அழுகை வந்தால் பரவாயில்லை, நிறையப் பேருக்கு வரும். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகையையும் பார்த்து வையுங்கள்.

குழுக் கடன் வேண்டாம்

நெட் தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரியும். கணித அறிவியலில் மொத்தம் 200 மதிப்பெண். 'ஏ' பகுதி பொதுத் திறன், 30. 'பி' பகுதியில் 40 கேள்வியில் 25-க்குப் பதில் சொல்லலாம், ஒன்றுக்கு 3, விடை தப்பானால் அதில் கால்பங்கு போகும். 'சி' பகுதியில் 60 கேள்வியில் 20, ஒன்றுக்கு 4.75. அங்கே சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம்; எல்லாவற்றையும் தொட்டால்தான் மதிப்பெண், ஒன்றை விட்டாலும் பூஜ்யம். தவறுக்குக் கழிப்பு கிடையாது. 95 மதிப்பெண் அந்தப் பகுதியில்தான் கிடக்கிறது. அங்கே கேட்பதெல்லாம் "இது எப்போதும் உண்மையா, ஒரு எதிர் உதாரணம் உண்டா" என்கிற வகை. ஷார்ட்கட் அங்கே சுருண்டுவிடும். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோச்சிங்கே மோசம் என்று சொல்ல மாட்டேன். அடிப்படை இருந்து, நேரக் கணக்கு மட்டும் பிடிபடாதவருக்கு அது உதவும். உங்களுக்கு இப்போது வேண்டியது அதற்கு முந்தைய வேலை. இறுதியாண்டில் படிக்கும்போதே நெட் எழுதலாம். ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, எங்கே விழுந்தோம் என்று தெரிந்த பிறகு யோசியுங்கள். அம்மா வாராவாரம் கட்ட வேண்டிய தவணையை மனதில் வைத்துக்கொண்டு உங்களால் படிக்கவும் முடியாது.

25 வயது என்று யார் சொன்னார்கள்? ஜே.ஆர்.எஃப்.புக்குப் பொது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே இல்லை. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. அதே போல, நெட் இல்லாமல் பிஎச்.டி. கிடையாது என்பதும் சரியில்லை. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகம் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய உயர்கணித வாரியம், அதாவது என்.பி.எச்.எம்., ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தனித் தேர்வு நடத்துகிறது. கேட் தேர்வும் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் விதி ஒவ்வொன்றிலும் மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மூன்று வருடத்தில் முடித்துவிடலாம்"

இதில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். லேபிளிங் என்றாலே மட்டம் என்று உங்கள் தோழி சொன்னாராம், அது தப்பு. நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோடு போட்டு இணையுங்கள், கோலத்தில் ஒரு இழை மாதிரி. அவற்றுக்கு 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். அடுத்தடுத்த வித்தியாசம் 3, 2, 1. எதுவும் திரும்ப வரவில்லை. இதுதான் கிரேஸ்ஃபுல் லேபிளிங். எந்த மரத்துக்கும் இப்படிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி 1960-களிலிருந்து இன்னும் திறந்தே கிடக்கிறது. மரம் என்றால் சுற்றில்லாத இணைப்பு வரைபடம், உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் தெற்குச் சீமையில் கிராஃப் தியரியில் நல்ல வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் புதிதாக ஒரு லேபிளிங்கைத் தானே கற்பித்து, அது ஏணி வடிவ வரைபடத்துக்குப் பொருந்தும், சக்கர வடிவத்துக்குப் பொருந்தும் என்று ஐந்து பேப்பர் போட்டு முடிப்பதும் நடக்கிறது. இந்தத் துறையின் கட்டுரைகளைத் தொகுத்து காலியன் ஒரு கணக்கெடுப்பைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார், இணையத்தில் இலவசம். அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள். அதைப் புரட்டிவிட்டு, கைடிடம் மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள்: "சார், இதில் எந்தக் கேள்விக்கு நாம் பதில் தேடுகிறோம்?" பதில் இருந்தால் நல்ல இடம். கோபம் வந்தால் அதுவும் பதில்தான்.

அவரிடம் முன்னால் முடித்தவர்களின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் தேடி வாசியுங்கள். கட்டுரைகள், கணிதக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இசட்பி மேத் தளத்தில் வருகின்றனவா என்று பாருங்கள்; 2021 முதல் அது எல்லோருக்கும் இலவசம். "பேப்பர் செலவு" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கணிதத்தில் நல்ல இதழ்கள் பலவும் கட்டுரை எழுதியவரிடம் காசு வாங்குவதில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிகள் பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம், சேருவதற்கு முன் அந்த விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். அதே விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6; பெண்களுக்கு மேலும் 2 வருடம் தரலாம், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. மூன்று வருடம் என்பது குறைந்தபட்ச எல்லை. கணிதத்தில் அதற்குள் முடிப்பது அபூர்வம்.

வீட்டில்

"கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம் என்று சொல்கிறார்கள்" என எழுதியிருக்கிறீர்கள். சிலர் படித்திருக்கிறார்கள். பலரை நான் பஸ் ஸ்டாண்டில் குழந்தையோடு பார்த்து, "விட்டுட்டேன் மேடம்" என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் 'ஆராய்ச்சி' என்று பேசாதீர்கள், அந்தச் சொல்லுக்கு அங்கே உருவம் இல்லை. தேதியும் தொகையும் சொல்லுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. கிடைக்கும் என்று உறுதி கொடுக்க வேண்டாம், கிடைப்பவர் குறைவு. எம்.எஸ்சி. முடிந்து ஒரு வருடம், அதற்குள் இத்தனை தேர்வு, அதுவரை மாப்பிள்ளைப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவிடம் கேளுங்கள். நடக்காவிட்டால் பி.எட். போகலாம், மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராவதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை அடித்துவிடுங்கள். பதினோராம் வகுப்பில் உங்களுக்குக் கணக்கின் மேல் ஆசை வந்தது ஒரு டீச்சரால் என்று முதல் பக்கத்தில் நீங்களே சொல்கிறீர்கள்.

நீங்கள் ஏறுகிற பாசஞ்சர் புறப்படும் செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம் என்று ஒரு ஊர். எண் கோட்பாட்டில் உலகம் அறிந்த எஸ்.எஸ். பிள்ளை 1901-இல் பிறந்தது அங்கேதான். அப்பா இறந்து படிப்பு நிற்கப் போன சமயம் அவருடைய ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று அவர் நிறுவினார். 1950-இல் அமெரிக்கா போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்களேன்.

ஒரு கணக்கு தருகிறேன். வர்க்கமூலம் எடுக்கும் சார்பு, பூஜ்யத்திலிருந்து வலதுபுறம் முழுக்க. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதன் வரைபடம் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி அதற்கு உண்டா, இல்லையா? புத்தகத்தைத் திறக்காமல் யோசியுங்கள். நாளைக் காலை சேரன்மகாதேவி வருவதற்குள் ஒரு ஊகமாவது கையில் இருக்கட்டும். நிரூபணத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.